கழற்றிய வரிசைக்கு எதிர்வரிசையில்

1

கட்டவிழ்ப்பு பற்றிச் சிறுபத்திரிகைகளில் முப்பது வருஷத்துக்கும் மேலாகப் பேசியாயிற்று. அவிழ்த்ததைத் திரும்பப் பூட்டுவது பற்றி நாம் அதிகம் பேசியதில்லை. இக்கட்டுரை அதைப் பற்றியது. நான் அவிழ்த்தது பிரதி எதையும் அல்ல, ஒரு பழைய காரை.

இங்கிலாந்தில் கவன்ட்ரி நகரத்தில் வசிக்கிறேன். வீட்டுக்குப் பின்னால், சந்தைப் பார்த்து ஒரு கொட்டகை. அதில் 1976இல் செய்யப்பட்ட ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் நிற்கிறது. இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய, துணிக்கூரை போட்ட ஸ்போர்ட்ஸ் கார். ஓடாத வண்டியாகத்தான் வாங்கினேன். ஆஸ்பத்திரி வேலை இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் அதன் அடியில் படுத்துக் கிடப்பேன். பக்கத்து வீட்டுக்காரர் முதலில், ‘உங்கள் கணவருடைய வண்டியா?’ என்று கேட்டார். இப்போது என்னிடம் ஸ்பேனர் இரவல் கேட்கிறார்.

போன குளிர்காலத்தில் இடதுபக்க முன்சக்கரத்தைக் கழற்றினேன். சக்கரத்தைத் தாங்கி நிற்கும் இரும்புத் தூணின் அடிமுனையில் மரை வெட்டியிருக்கும். அந்த மரை ஒரு வெண்கலக் கட்டிக்குள் திருகி உட்காரும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் மரைதான் கட்டிக்குள் திரும்புகிறது. இந்தக் கட்டிக்கு ட்ரன்னியன் என்று பெயர். அதற்குக் கியர் ஆயில் விட வேண்டும். கிரீஸ் அடித்தால் அது உள்ளே இறங்காது. நாளடைவில் கெட்டிப்பட்டு வழியை அடைத்துக்கொள்ளும். தண்ணீர் புகுந்து மரை துருவேறும். ஒருநாள் ஓடிக்கொண்டிருக்கும்போதே தூண் முறிந்து சக்கரம் மடங்கிவிடும். என் வண்டியில் யாரோ ஒரு பழைய சொந்தக்காரர் கிரீஸ் நிப்பிள் போட்டு, வருஷக்கணக்காக கிரீஸ் அடித்திருக்கிறார். மரை கறுத்துப்போயிருந்தது. நாற்பது வருஷம் தாண்டிய வண்டிகளுக்கு இந்த நாட்டில் 2018 முதல் வருடாந்திரச் சோதனை கட்டாயமில்லை. ஆகவே சக்கரம் மடங்குமா மடங்காதா என்பது எனக்கும் மரைக்கும் இடையிலான விவகாரம்.

சித்தப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினேன். தாம்பரத்திலிருந்து உடனே கூப்பிட்டார். “என்னா பாப்பா, இது ஹெரால்டுல்ல?”

“இல்ல சித்தப்பா, ஸ்பிட்ஃபயர். ஸ்போர்ட்ஸ் காரு.”

“பேரு என்னவோ இருக்கட்டும். முன்னங்கால் ஹெரால்டு காலு. நிப்பிள் இருக்குதேன்னு கிரீஸ் அடிச்சிருப்பானுங்க. அதுக்கு எண்ணெதான் குடுக்கணும்.”

அவருக்கு இங்கிலீஷ் படிக்க வராது. ஸ்பிட்ஃபயர் காரை வாழ்க்கையில் பார்த்ததில்லை. என் கையிலிருந்த இங்கிலீஷ் கையேடும் அதையேதான் சொல்லியிருந்தது. ஒரே அறிவு இரண்டு வழியாக என் கொட்டகைக்குள் வந்து சேர்ந்தது. இந்த இரண்டு வழிகளின் வரலாற்றைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

2

சித்தப்பா சொன்னது சரிதான். ஸ்பிட்ஃபயரின் உடம்புக்குள் இருப்பது ஹெரால்டு. ஸ்டாண்டர்டு-ட்ரையம்ஃப் கம்பெனி கவன்ட்ரியின் கான்லி தொழிற்சாலையிலிருந்து 1959இல் ஹெரால்டை வெளியிட்டது. அந்தக் காலத்தில் மற்ற கம்பெனிகள் சேசிஸைத் தனியாகச் செய்வதை விட்டு, உடம்பையே ஒரே கூடாக வெல்டிங் செய்யத் தொடங்கிவிட்டன. ஸ்டாண்டர்டுக்கு அது கைகூடவில்லை. அதற்கு உடம்பு செய்து கொடுத்துவந்த ஃபிஷர் அண்ட் லட்லோ நிறுவனத்தை 1953இல் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. வாங்கிவிட்டது. எனவே ஹெரால்டைப் பழைய முறையில், தனிச் சேசிஸின் மேல் துண்டு துண்டான தகடுகளை போல்ட்டால் முடுக்கிச் செய்தார்கள். உருவம் வரைந்தவர் ஜியோவன்னி மிக்கலோட்டி என்ற இத்தாலியர்.

முதலாளிகளுக்கிடையிலான சண்டையில் பிறந்த இந்தப் பின்னடைவால் இரண்டு காரியங்கள் நடந்தன. போல்ட்டில் நிற்கும் வண்டியை வீட்டிலேயே கழற்றிப் பூட்டலாம். முன்பக்க பானட் முழுவதும், மட்கார்டோடு சேர்ந்து, முதலை வாய் போல் முன்னோக்கித் திறக்கும். அதே காரணத்தால் அதைப் பெட்டிகளில் அடைத்துக் கப்பலேற்றி வேறு நாட்டில் பூட்டவும் முடிந்தது. சென்னையை அடுத்த வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் 1961இலிருந்து ஹெரால்டைச் செய்தது. பின்னாளில் இங்கிலாந்தில் இல்லாத நாலு கதவு ஹெரால்டு கூட அங்கே உருவானது.

ஸ்பிட்ஃபயர் பிறந்ததும் இதே சேசிஸைக் குறுக்கி, மாற்றியமைத்துத்தான். கையில் காசில்லாததால் மாதிரி வண்டியைத் தூசித் துணி போட்டு ஒரு மூலையில் தள்ளிவிட்டிருந்தார்கள். 1961இல் லேலண்டு கம்பெனி ஸ்டாண்டர்டை வாங்கியபோது, சுற்றிப் பார்க்க வந்தவர்கள் துணியை விலக்கிப் பார்த்தார்கள் என்று கதை. 1962 அக்டோபரில் லண்டன் கண்காட்சிக்கு வந்தது. 1980 ஆகஸ்டில் கடைசி வண்டி வெளியேறும்வரை மூன்று லட்சத்துக்கும் மேல் செய்தார்கள்.

செய்தவர்கள் யார்? இது கார்ப் புத்தகங்களில் வராத கேள்வி. இரண்டாம் உலகப்போர் முடிந்த பிறகு ஸ்டாண்டர்டில் ‘கேங்’ முறை இருந்தது. தொழிலாளர்கள் பெரிய பெரிய குழுக்களாகச் சேர்ந்து, வேலையைத் தமக்குள் பங்கிட்டு, உற்பத்திக்கேற்ற போனஸையும் குழுவாகவே பெற்றார்கள். மேஸ்திரிமாரின் கண்காணிப்பு மிகக் குறைவு. அமெரிக்க அறிஞர் சீமூர் மெல்மன் இதை நேரில் ஆராய்ந்து 1958இல் ஒரு புத்தகமே எழுதினார். தொழிலாளர்கள் தாமே முடிவெடுக்கும் இடத்தில் உற்பத்தி குலையவில்லை என்பது அவர் கண்டது. அதற்குள் 1956இல், டிராக்டர் தொழிற்சாலையைப் புதிய எந்திரங்களோடு மாற்றியமைத்து ஆயிரக்கணக்கானோரை வெளியே அனுப்ப நிர்வாகம் முனைந்ததும், கவன்ட்ரி வேலைநிறுத்தம் கண்டதும் நடந்துவிட்டன. பிறகு கேங் முறை படிப்படியாக ஒழிக்கப்பட்டது.

இன்று இந்த ஊரில் கான்லி தொழிற்சாலை இல்லை. குழுவாக நின்று செய்த வேலையைத் தனித்தனிக் கொட்டகைகளில் தனித்தனி ஆட்கள் கூலியில்லாமல் செய்கிறார்கள். அதற்கு இப்போது ‘பொழுதுபோக்கு’ என்று பெயர். இதை வெறும் வீழ்ச்சி என்று சொல்லிவிடவும் முடியாது. 1977இல் ஸ்பிட்ஃபயர், ஹெரால்டு சொந்தக்காரர்கள் ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். இப்படிப்பட்ட சங்கங்கள்தான் பாகங்கள் பற்றிய விவரங்களைக் காப்பாற்றி வைத்திருக்கின்றன. கம்பெனிகள் கைவிட்ட அறிவை ஒருவருக்கொருவர் இலவசமாகக் கொடுத்துக்கொள்கின்றன. கேங் முறையின் ஆவி அங்கே கொஞ்சம் உலவுகிறது என்பேன். என்ன, கூலி கேட்கும் வாய்தான் அந்த ஆவிக்கு இல்லை.

3

இனி, புத்தகம்.

பிரிட்டனில் பழைய கார் வைத்திருக்கும் எவருடைய அலமாரியிலும் எண்ணெய்க்கறை படிந்த ஹெய்ன்ஸ் கையேடு ஒன்று இருக்கும். உலகம் முழுக்க இருபது கோடிப் பிரதிகள் விற்றதாகக் கணக்கு. வண்டி ஒன்றை முழுதாகக் கழற்றிப் பூட்டி, ஒவ்வொரு கட்டத்தையும் படமெடுத்து எழுதுவது அதன் முறை. கழற்றுவதைப் படிப்படியாக விவரித்துவிட்டு, பூட்டும் இடம் வந்ததும் அதையே எதிர்வரிசையில் செய்துகொள்ளுமாறு ஒரே வரியில் முடித்துவிடும். வாசகர்கள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள், ஏனென்றால் எல்லாத் தொல்லையும் அங்கேதான் ஆரம்பம்.

ஜான் ஹெய்ன்ஸ் 1938இல் இலங்கையில் பிறந்தவர். அப்பா அங்கே தேயிலைத் தோட்ட மேலாளர். சிறுவனாகவே இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டு சட்டன் வேலன்ஸ் பள்ளியில் படித்தார். ரக்பி ஆடுவதிலிருந்து விலக்கு வாங்கிக்கொண்டு ஆஸ்டின் செவன் என்ற மலிவுக் காரை ஸ்போர்ட்ஸ் காராக மாற்றினார். அதை எப்படிச் செய்வது என்று 1956இல் ஒரு சிறு பிரசுரம் போட்டார். 250 பிரதிகள் பத்தே நாளில் தீர்ந்தன. பிறகு விமானப்படையில் சேர்ந்து 1965இல் ஏடன் போனார். சக அதிகாரி ஒருவரின் ஆஸ்டின்-ஹீலி ஸ்பிரைட் என்ற ஸ்போர்ட்ஸ் காரைப் பூட்ட உதவியபோது, கம்பெனி கையேடு சாதாரண ஆளுக்குப் பயன்படாது என்று கண்டார். காமிராவை எடுத்தார். 1966இல் முதல் கையேடு வெளிவந்தது. அப்போது ஏடன், பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான ஆயுதப் போராட்டத்தில், நெருக்கடிநிலையின் கீழ் இருந்தது. வெளியே ஒரு பேரரசு கழன்றுகொண்டிருக்க, உள்ளே ஒருவர் கழற்றுவதைப் படமெடுத்துக்கொண்டிருந்தார்.

எங்கள் குடும்பமும் தேயிலைத் தோட்டத்துக் குடும்பம்தான். ஆனால் பங்களாவில் அல்ல, லயத்தில். தாத்தா மலையேறிய காலம் யாருக்கும் சரியாகத் தெரியாது. சித்தப்பா சின்ன வயதில் தோட்டத்து ஃபேக்டரியில் எந்திரம் துடைத்தவர்; துரையின் காரையும் கழுவியவர். நுவரெலியாவில் மகாகஸ்தோட்டை மலைப்பாதையில் 1934இலிருந்தே கார்ப் பந்தயம் நடந்துவந்தது. “துரைமாருங்க வண்டிய முறுக்கிக்கிட்டு ஏத்துவாங்க. நாங்க மேட்டுல நின்னு பாப்போம். சத்தத்துலயே எது மேல ஏறும், எது நிக்கும்னு சொல்லிருவோம்” என்பார்.

1948இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30இல் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். 5,25,000 பேரை இந்தியா ஏற்கும். 3,00,000 பேரை இலங்கை ஏற்கும். மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம். சம்பந்தப்பட்டவர்களை யாரும் கேட்கவில்லை. நூற்றாண்டுக்கு முன்னர் தமிழகத்துக் கிராமங்களிலிருந்து கழற்றிக் கொண்டுபோய் மலையில் முடுக்கிய ஆட்களை, எதிர்வரிசையில் திரும்பப் பூட்டிவிட்டால் சரியாகிவிடும் என்று இரண்டு அரசுகளும் நினைத்தன. மலையில் பிறந்தவர்களுக்கு ‘தாயகம் திரும்பியோர்’ என்று பெயரும் வைத்தார்கள். சித்தப்பா 1971இல், இருபத்தோரு வயதில், ராமேஸ்வரத்தில் இறங்கி மண்டபம் முகாமுக்கு வந்தார். அதுவரை அவர் இந்தியாவைப் பார்த்ததே இல்லை. எதிர்வரிசை என்பது ஒரு பொய் என்று எங்கள் குடும்பத்துக்குக் கையேடு படித்துத் தெரிய வேண்டியிருக்கவில்லை.

4

தாம்பரம் பக்கம் ஒரு மெக்கானிக் ஷெட்டில் சித்தப்பா வேலைக்குச் சேர்ந்தார். ‘சிலோன்காரன்’ என்றுதான் அங்கே பெயர். வண்டலூர் பக்கத்திலேயே இருந்ததால் ஹெரால்டுகள் நிறைய வரும். பாகங்கள் கிடைக்காத காலம். தேய்ந்ததை லேத்தில் கொடுத்துக் கடைவார்கள், இல்லாததைப் புதுப்பேட்டையில் தேடுவார்கள். இந்த அறிவை நாம் எளிதாகப் புனிதப்படுத்திவிடலாம்: வாய்மொழி மரபு, கையின் ஞானம், அச்சுக்கு எதிரான மாற்று அறிவு. அப்படி ஒரு கட்டுரை எழுதத்தான் நானும் உட்கார்ந்தேன். சித்தப்பாவே அதைக் கெடுத்தார்.

“அந்த எண்ணெ விஷயத்த யாரு சித்தப்பா உங்களுக்குச் சொல்லிக் குடுத்தது?”

“சொல்லிக் குடுக்கிறதா? மேஸ்திரி டைமிங் வக்கிறப்ப நம்மள டீ வாங்க அனுப்பிடுவாரு. ட்ரன்னியனப் பூட்டறப்ப, போய் வேஸ்ட் துணி எடுத்தாம்பாரு. எட்டிப் பாத்துப் பாத்துத் திருடிக் கத்துக்கிட்டதுதான். மூணு வருஷம்.”

அறிவு அங்கேயும் பூட்டித்தான் வைக்கப்பட்டிருந்தது. அந்தப் பூட்டுக்குச் சாதிச் சாவியும் உண்டு. யார் எஞ்சினைத் தொடலாம், யார் அடியில் படுத்து அழுக்கைச் சுரண்டலாம் என்பது எழுதப்படாத சட்டம். பெண்களுக்கு அந்தச் சாவியும் கிடையாது. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது நான் ஷெட்டுக்கு டிபன் கேரியர் கொண்டுபோவேன். வாசல் வரைக்கும்தான். “பொம்பளப் புள்ளைக்கு இங்க என்ன சோலி?” என்று மேஸ்திரி அங்கேயே நிறுத்துவார். திறந்த பானட்டைத் தூரத்திலிருந்துதான் பார்த்திருக்கிறேன். என்னை உள்ளே விட்டது ஹெய்ன்ஸ் கையேடு. துரையின் மகன் எழுதிய புத்தகம், கேட்பது யார் என்று பார்க்காமல், டீ வாங்க அனுப்பாமல், எல்லாவற்றையும் காட்டிவிட்டது. இந்தக் கடனை மறைத்துவிட்டு நான் காலனியம் பற்றிப் பேசினால் அது நேர்மையல்ல.

ஆனாலும் அந்தப் புத்தகம் எங்கிருந்து பிறந்தது என்பதும் வரலாறுதான். போருக்குப் பிந்தைய பிரிட்டனிலும் பற்றாக்குறைதான் ஆட்களைக் கொட்டகைக்குள் தள்ளியது. புதுக் கார்கள் ஏற்றுமதிக்குப் போயின. பெட்ரோல் ரேஷன் 1950 வரை நீடித்தது. பழைய ஆஸ்டின் செவனைப் பிரித்துப் பந்தயக் கார் செய்வதற்கென்றே 1939இல் தொடங்கிய 750 கிளப் பெருகியது அந்தச் சூழலில்தான். காலின் சாப்மன் 1948இல் தன் முதல் காரைப் பூட்டியதும் ஒரு பழைய ஆஸ்டின் செவனிலிருந்து. இடம், ஹேசல் வில்லியம்ஸ் என்ற அவர் காதலியின் பெற்றோர் வீட்டுக் கொட்டகை. 1952இல் லோட்டஸ் கம்பெனி தொடங்க ஹேசல் 25 பவுண்டு கொடுத்தார். வரலாற்றில் அவர் பெயர் அந்த 25 பவுண்டுக்காக மட்டும் வருகிறது.

பிறகு வரி. முழுசாய்ப் பூட்டிய காருக்குக் கொள்முதல் வரி உண்டு, உதிரிப் பாகங்களாக வாங்கி வீட்டில் பூட்டினால் இல்லை. 1957இல் வந்த லோட்டஸ் செவன் இந்தச் சந்தில் புகுந்து விற்றது. பூட்டும் முறையை எழுதிக் கொடுத்தால் வரி வந்துவிடும் என்பதால், கழற்றும் முறையை எழுதிக் கொடுத்து, அதைத் தலைகீழாகப் படித்துக்கொள்ளச் சொன்னார்கள் என்று லோட்டஸ் பிரியர்கள் இன்றும் சொல்லும் கதை ஒன்று உண்டு. 1973இல் கொள்முதல் வரி போய் வாட் வந்ததும் அந்தச் சந்து அடைபட்டது. ஆக, வீட்டில் கார் பூட்டுவது ஆங்கிலேய ஆணின் இயல்பான ஆசை என்று சொல்லப்படுவதற்கு அடியில் ஏற்றுமதிக் கொள்கையும் வரிச்சட்டமும் இருக்கின்றன.

‘ஆணின்’ என்பதையும் கொஞ்சம் சுரண்டிப் பார்க்கலாம். என் காருக்குப் பெயர் தந்த ஸ்பிட்ஃபயர் போர்விமானம், மூக்கைத் தாழ்த்திச் சட்டென்று பாயும்போது கார்புரேட்டர் கோளாறால் எஞ்சின் தடுமாறும். 1941இல் நடுவில் துளை போட்ட ஒரு சின்ன உலோகத் துண்டால் அதைச் சமாளித்தவர் பியாட்ரிஸ் ஷில்லிங் என்ற பொறியாளர். மோட்டார் சைக்கிள் பந்தயக்காரி. போருக்குப் பிறகு கணவரோடு சேர்ந்து தன் ஸ்போர்ட்ஸ் கார்களைத் தானே கழற்றிப் பூட்டி ஓட்டியவர். ஸ்பிட்ஃபயர் என்றால் விமானிகளின் பெயர்கள் நினைவுக்கு வருகிற அளவுக்கு அந்தத் துளை நினைவுக்கு வருவதில்லை.

இரண்டு கொட்டகைகளுக்கும் உள்ள வித்தியாசம் என் கையிலேயே தெரிகிறது. இங்கே நகக்கண்ணில் கிரீஸோடு கடைக்குப் போனால், ‘என்ன வண்டி வைத்திருக்கிறீர்கள்?’ என்று மரியாதையாக விசாரிக்கிறார்கள். சித்தப்பா அதே கையோடு கல்யாண வீட்டுக்குப் போனால் பந்தியில் பக்கத்து இலைக்காரர் நகர்ந்து உட்காருவார். எப்போது வேண்டுமானாலும் கழுவிவிடலாம் என்கிற அழுக்குக்குத்தான் பொழுதுபோக்கு என்று பெயர். அவருடைய அழுக்கு வயிற்றுப் பாடு. தவிர, பிறப்பைக் கேட்கும் சமூகத்தில் அது கழுவினாலும் போகாது.

5

பூட்டும் வேலை இந்தக் கோடையில் நடந்தது. எதிர்வரிசையில்தான் போனேன். ஆனால் கழற்றியதைப் பூட்டவில்லை. பழைய தூண் குப்பைக்குப் போயிற்று, புதுசு போட்டேன். பெட்ரோல் குழாய்களையும் மாற்ற வேண்டியிருந்தது, ஏனென்றால் 2021இலிருந்து இங்கே சாதாரண பெட்ரோலில் பத்து சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். பழைய ரப்பர் அதைத் தாங்காது. ஈயம் கலந்த பெட்ரோலை 2000த்திலேயே நிறுத்திவிட்டார்கள். ஆஸ்பெஸ்டாஸ் வைத்த பிரேக் லைனிங்கை 1999இல் தடை செய்தார்கள். அதே கார்தான் என்கிறோம். அது ஓடுகிற காற்றும் குடிக்கிற எண்ணெயும் வேறு. பழையதைப் பழையபடி ஆக்குவது என்று ஒன்று கிடையாது. இன்றைக்கு ஓடுகிறபடி ஆக்கலாம், அவ்வளவுதான். மீட்புவாதம் பேசும் நம் நண்பர்கள் ஒரு வாரம் ஒரு பழைய வண்டியோடு பழகிப் பார்க்கலாம்.

ட்ரன்னியனை சித்தப்பா போனில் பார்த்தபடியே பூட்ட வைத்தார். மரையை முடிய முடியத் திருகிவிட்டு, கொஞ்சம் பின்வாங்க வேண்டும். ஸ்டியரிங் இரண்டு பக்கமும் தடையில்லாமல் திரும்ப வேண்டும். “எவ்ளோ சித்தப்பா?” என்றால், “கைக்குத் தெரியும்” என்பார். “என் கைக்குத் தெரியலையே” என்றதும் அவர் யோசித்து, ஒரு ஸ்பேனரைப் பிடித்துச் செய்து காட்டினார். நான் அதை நோட்டுப் புத்தகத்தில் தமிழில் எழுதிக்கொண்டேன். இப்படியாக நாற்பது பக்கம் சேர்ந்திருக்கிறது. “முன்னாடியே எழுதி வச்சிருக்கலாமே” என்று கேட்டேன். “எழுதறவன் எவன் அடியில படுத்தான், அடியில படுத்தவன் எவன் எழுதினான்?” என்று சிரித்தார். அந்தச் சிரிப்புக்குப் பதில் சொல்லும் வழியாகத்தான் நோட்டை நிரப்பிக்கொண்டிருக்கிறேன். பூட்டுகிற பக்கத்தையும் முழுதாக எழுதியிருக்கிறேன், ‘எதிர்வரிசையில்’ என்று ஒரு வரியில் தள்ளிவிடாமல்.

கடைசிப் போல்ட்டை முடுக்கி, ஜாக்கியை இறக்கி, கிரீஸ் கன்னைத் தூர வைத்துவிட்டு, எண்ணெய் விட்டேன். கையைத் துடைத்துக்கொண்டு தட்டைப் பார்த்தால் ஒரு வாஷர் மிச்சமிருந்தது. படத்தில் தேடினேன், புத்தகத்தில் தேடினேன். இது இல்லாமலும் வண்டி ஓடும் என்று தோன்றியது. சித்தப்பாவிடம் காட்டினேன்.

“எங்கேயிருந்து வந்துது?”

“தெரியல. ஒண்ணே ஒண்ணுதான். விட்டுடலாமா? அப்புறம் பாத்துக்கலாம்.”

போனில் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

“அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டதெல்லாம் எங்களுக்குத் தெரியும் பாப்பா. மிச்சம் இருந்தா வேல முடியலன்னு அர்த்தம். மறுபடியும் கழட்டு.”

ஜாக்கியை மறுபடியும் ஏற்றினேன்.